பிள்ளை வண்டிலின் முதுகுச் சாய்வை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி: வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கிளிநொச்சியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். சில்லு சத்தம் போடுகிறது என்று கொண்டுவரும் பிள்ளை வண்டில்களில் நிறையவற்றுக்கு உண்மையான பழுது முதுகுச் சாய்வில்தான் இருக்கும். "அண்ணை, சாய்ச்சால் திரும்ப நிமிர்த்தேலாமல் கிடக்கு" என்பதுதான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு.

வாங்கும்போது எல்லோரும் சாய்த்துப் பார்க்கிறார்கள். பிள்ளையின் பாரத்தோடு ஒரு கையால் நிமிர்த்திப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. சாய்ப்பது எந்த வண்டிலிலும் சுகம், பாரமே இழுத்துக்கொண்டு போய்விடும். நல்ல வண்டிலா கெட்ட வண்டிலா என்பது நிமிர்த்தும்போதுதான் தெரியும். அதனால் கீழே வரும் சோதனைகளில் நிமிர்த்தலுக்குத்தான் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒழுங்கை மாற்ற வேண்டாம். ஒரு படியில் தெரிந்துகொள்வது அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

10 கிலோ அரிசியும் ஒரு பழைய தலையணை உறையும் வேண்டும். அரிசியை உறைக்குள் கொட்டி, கொஞ்சம் தளர்வாக வாயைக் கட்டுங்கள். கடையில் வரும் பையோடு அப்படியே வைத்தால் அது கல்லுப்போல ஆசனத்தில் குந்திவிடும், முதுகுத் தட்டில் பாரம் விழாது. தளர்வாகக் கட்டினால் பிள்ளையின் உடம்பு மாதிரி முதுகோடு படிந்து இருக்கும்.

பிள்ளை இப்போது 4 கிலோதான் என்றாலும் 10 கிலோவிலேயே சோதியுங்கள். ஒரு வயதாகும்போது ஏறக்குறைய 9, 10 கிலோ வந்துவிடும். வண்டிலை அதுவரைக்கும் வைத்திருக்கத்தானே போகிறீர்கள்.

லெவல் பார்க்கும் செயலி உள்ள போன் ஒன்று, பழைய பல்துலக்கும் பிரஷ், ஈரத்துணி, மார்க்கர் பேனை, ஒரு கொப்பி. இவ்வளவும் போதும்.

அப்புறம் இன்னொரு ஆள் வேண்டும். வண்டிலை அதிகம் தள்ளப்போவது யாரோ, அவரே வரட்டும். பல வீடுகளில் அது அம்மம்மாதான். 30 வயதுக் கைக்கு இலகுவாக அமுங்கும் லீவர், மூட்டுவலி உள்ள கைக்கு அசையவே அசையாது.

முதல் சோதனையைப் பிள்ளையை வைத்துச் செய்யவே வேண்டாம். பழைய வண்டிலில் பூட்டு நழுவினால் முதுகுத் தட்டு ஒரே வீச்சில் கீழே போகும்.

2. பிள்ளைக்கு எவ்வளவு சாய்வு தேவை என்று முடிவெடுங்கள்

இதை முடிவெடுக்காமல் ஒப்பிடத் தொடங்கினால், தேவையில்லாத வசதிக்குக் காசு கொடுப்பீர்கள். அல்லது தேவையான ஒன்றை விட்டுவிடுவீர்கள்.

தலை நிற்காத பிள்ளை கிட்டத்தட்ட மட்டமாகப் படுக்க வேண்டும். நிமிர்வாக இருத்தினால் தலை முன்னால் விழுந்து நாடி நெஞ்சில் முட்டும், மூச்சுப் போகும் வழி ஒடுங்கும். பிள்ளை அழாமல் இருப்பதால் பார்ப்பவர்களுக்கு அது நல்ல நித்திரை போலத் தெரியும். அதுதான் ஆபத்து.

பிள்ளை வண்டில்களுக்கான ஐரோப்பிய நியமம் ஈஎன் 1888. ஆசனத்துக்கும் முதுகுத் தட்டுக்கும் இடைப்பட்ட கோணம் 150 பாகைக்குக் குறைந்தால், 6 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்த ஆசனம் ஏற்றதல்ல என்று அது சொல்கிறது. இந்த 150 என்ற எண்ணைக் கொப்பியில் எழுதி வையுங்கள், ஐந்தாம் படியில் தேவைப்படும்.

பிள்ளை தானாக எழும்பி இருக்கத் தொடங்கிவிட்டால் முழு மட்டம் கட்டாயமில்லை. வழியில் கண்ணயர்ந்தால் தலை முன்னால் தொங்காத அளவுக்குச் சாய்ந்தால் சரி. எந்த வயதானாலும் வண்டில் கட்டில் ஆகாது. வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைத் தூக்கி மட்டமான படுக்கையில் கிடத்துங்கள்.

3. பின்பக்கம் போய் எந்த வகை என்று பாருங்கள்

கடைக்காரர் முன்னால் நின்று காட்டுவார். நீங்கள் பின்னால் போய்க் குனிந்து முதுகுத் தட்டைப் பாருங்கள். சாய்வு எப்படி வேலை செய்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

*நாடா வகை.* முதுகுத் தட்டின் பின்னால் ஒரு நாடா சுற்றிவரும், நடுவில் அமுக்கும் பூட்டு இருக்கும். பூட்டை அமுக்கிக் கீழே இழுத்தால் சாயும். நிமிர்த்துவதற்குப் பூட்டை மேலே தள்ள வேண்டும், அல்லது நாடாவின் இரண்டு வால்களையும் இரு பக்கமாக இழுக்க வேண்டும். எந்த இடத்திலும் நிறுத்தலாம், பாரமும் குறைவு, விலையும் குறைவு. எங்கள் பக்கத்தில் அதிகம் ஓடுவது இதுதான்.

*படி வகை.* முதுகுத் தட்டின் பின்னால் நடுவில் ஒரு லீவர். அதை அமுக்கினால் இரு பக்கமும் உள்ள முளைகள் பற்களிலிருந்து விலகும். விட்டால் அடுத்த பல்லில் போய் விழும். வீட்டு விறாந்தையில் கிடக்கும் சாய்மனைக் கதிரையின் பின்தடியை ஒரு வெட்டிலிருந்து மற்ற வெட்டுக்கு மாற்றுவோமே, அதே வேலைதான். பெரும்பாலும் மூன்று, நான்கு நிலைகள் இருக்கும்.

*பக்கப் பொத்தான் வகை.* இரண்டு பக்க மூட்டிலும் பொத்தான் இருக்கும், இரண்டையும் ஒன்றாக அமுக்க வேண்டும். இரு கையும் பொத்தானில் போய்விடுவதால் பிள்ளையின் முதுகைத் தாங்கக் கை மிஞ்சாது.

*கம்பி வகை.* மலிவான குடைமடிப்பு வண்டில்களில் வரும். பின்னால் வளைந்த கம்பி ஒன்று கொளுவியில் மாட்டியிருக்கும். கழற்றி விட்டால் ஒரு நிலை இறங்கும். விரல் நசிவது இதில்தான் அதிகம்.

*முழு ஆசனமும் சரியும் வகை.* முதுகு மட்டும் இறங்காது. தொட்டில் போல ஆசனம் முழுவதும் பின்னால் சரியும், கால் மேலே போகும். முகம் தள்ளுபவரைப் பார்க்கும்படி ஆசனத்தைத் திருப்பி மாட்டும் வண்டில்களில் காணலாம்.

இவற்றோடு சிலதில் முதுகைச் சுற்றி, உடுப்பில், பையில் வருவது போன்ற சிப் ஒன்றும் இருக்கும். அதைத் திறந்தால்தான் முதுகு கடைசி வரைக்கும் இறங்கும். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய வண்டிலைக் கொண்டுவந்து "இது முழுக்கச் சாயுதில்லை" என்று சொன்ன ஒருவருக்கு நான் செய்த திருத்தவேலை, அந்த சிப்பைத் திறந்துவிட்டதுதான். பாவித்த வண்டிலுக்கு விளக்கக் கையேடு வராது. ஆசனத்தின் அடியிலோ கால் குழாயிலோ ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணை இணையத்தில் தேடினால் கையேடு கிடைக்கும். அந்த மாதிரியை நிறுவனம் திருப்பி அழைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

4. தூசியை எடுத்த பிறகே ஒப்பிடுங்கள்

புது வண்டிலையும், ஒரு வருடம் கிரவல் ஒழுங்கையில் ஓடிய வண்டிலையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமில்லை. சோளகம் வீசும் மாதங்களில் எங்கள் செம்மண் புழுதி நாடாப் பூட்டுக்குள்ளும் பற்களுக்குள்ளும் மாப்போலப் போய் அடையும். நல்ல பொறிமுறைகூட அப்போது இறுக்கமாகத்தான் தெரியும்.

பிரஷால் உலர்வாகத் தட்டி எடுத்து, பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். நாடாவை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துத் துடைக்க வேண்டும். பூட்டு நிற்கும் இடத்தில் நாடா பஞ்சுபோல உரோமம் விட்டிருந்தால் அது தேய்ந்துவிட்டது. அந்த இடத்தில் பூட்டு இனிப் பிடிக்காது, பாரம் ஏறியதும் வழுக்கும்.

எண்ணெய் விட வேண்டாம். சைக்கிள் சங்கிலிக்கு விடுவதைக் கொண்டுவந்து விடுகிறார்கள். இரண்டு நாள் வழுவழுப்பாக இருக்கும், மூன்றாம் நாள் புழுதி அதில் ஒட்டி அரைத்த மசாலா மாதிரி ஆகிவிடும். நாடாவில் எண்ணெய் பட்டால் பூட்டும் பிடிக்காது. சிப் இறுகினால் மட்டும் அதன் பற்களில் மெழுகுதிரியைத் தேயுங்கள்.

5. கோணத்தை அளந்து எழுதுங்கள்

"முழுக்கச் சாயும்" என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி இருக்க வேண்டாம், அளந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

வண்டிலை மட்டமான சீமெந்துத் தரையில் வைத்து, முதுகைக் கடைசி வரைக்கும் இறக்குங்கள். போனை முதலில் ஆசனத்தில் வைத்து, முன்பக்கம் எத்தனை பாகை உயர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு முதுகுத் தட்டில் வைத்து, அது தரை மட்டத்திலிருந்து எத்தனை பாகை உயர்ந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டையும் கூட்டி 180 இலிருந்து கழித்தால் இடைக்கோணம் வரும்.

ஒரு வண்டிலில் ஆசனம் 8 பாகை, முதுகு 25 பாகை இருந்தது. கூட்டினால் 33. 180 இல் கழித்தால் 147. கண்ணுக்குப் படுக்கை மாதிரித்தான் இருந்தது, ஆனால் 150 ஐத் தொடவில்லை. பச்சைக் குழந்தைக்கு அது சரிவராது.

புதியவர்கள் விடும் பிழை, முதுகுத் தட்டை மட்டும் அளப்பது. ஆசனமும் பின்னால் சரிந்திருப்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. முழு ஆசனமும் சரியும் வகையில் இந்தப் பிழை பெரிதாகிவிடும். அதில் என்ன சரித்தாலும் இடைக்கோணம் மாறவே மாறாது. முதுகு கீழே போன அளவுக்கு முழங்கால் மேலே வந்திருக்கும். அதனால் பிறந்த பிள்ளைக்கு அந்த வகை வாங்குவதென்றால், மட்டமான படுக்கைத் தொட்டில் ஒன்று சேர்த்து மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

6. பாரத்தை வைத்துச் சாய்த்துப் பாருங்கள்

அரிசி உறையை வைத்து, பட்டிகளால் கட்டி, பிரேக்கைப் போடுங்கள். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் முதுகைச் சாய்த்துப் பாருங்கள்.

இதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். முதுகு மெதுவாக இறங்குகிறதா, தொப்பென்று விழுகிறதா? விழுந்தால் நித்திரையாகப்போன பிள்ளை திடுக்கிட்டு எழும்பும். நாடா வகையில் பூட்டை விரலால் கட்டுப்படுத்தி இறக்கலாம், அதில் அது நல்லது. கம்பி வகையில் அந்த வசதி இல்லை.

7. இப்போது நிமிர்த்துங்கள்

இந்தப் படிக்கு நேரம் எடுங்கள். ஒவ்வொரு வண்டிலிலும் மூன்று தடவை செய்யுங்கள்: முதலில் இரு கையாலும், பிறகு ஒரு கையால், கடைசியாக வண்டிலின் பக்கவாட்டில் நின்று ஒரு கையால். கிளினிக் வரிசையில் பின்னால் போய் நிற்க இடம் இருக்காது, ஒரு கையில் குடையோ மூத்த பிள்ளையோ இருக்கும். அந்த நிலையில் முடிகிறதா என்பதுதான் கேள்வி.

என் தங்கச்சிக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாடா வகை வண்டில், 11 மாதப் பிள்ளை. எடை பார்க்கப் பெயர் கூப்பிட்டதும் அவசரத்தில் பிரேக் போடாமல் இரண்டு வால்களையும் பிடித்து இழுத்திருக்கிறாள். பிள்ளை நிமிரவில்லை, வண்டில்தான் அவள் பக்கம் உருண்டு வந்து காலில் ஏறியது. அன்று பின்னேரமே கடைக்குக் கொண்டுவந்தாள். பூட்டில் ஒரு பழுதும் இல்லை. 10 கிலோவை நாடாவால் இழுத்துத் தூக்க முயன்றதுதான் பிழை.

நாடா வகைக்குச் சரியான முறை இது. பிரேக்கைப் போடுங்கள். ஒரு உள்ளங்கையை முதுகுத் தட்டின் அடியில் கொடுத்து, பிள்ளையோடு சேர்த்து மேலே உயர்த்துங்கள். நாடா தளர்ந்துவிடும். அந்தத் தளர்வை மற்றக் கையால் பூட்டைத் தள்ளி எடுத்துவிடுங்கள். தூக்கும் வேலை உள்ளங்கைக்கு, பூட்டு சும்மா பின்னால் வரும். இப்படிச் செய்தும் இறுகினால் மட்டும் பூட்டைக் குறை சொல்லலாம். ஆனால் கவனியுங்கள், இதற்கு எப்படியும் இரண்டு கை வேண்டும். கடையில் ஆளில்லாத வண்டிலை ஒரு கையால் நிமிர்த்திக் காட்டுவதை நம்பி இதை "ஒரு கை வேலை" என்று எழுதிவிடாதீர்கள்.

படி வகையில் லீவரின் நடுவில் பிடித்துத் தூக்க வேண்டும். ஓரத்தில் பிடித்தால் ஒரு பக்க முளை மூன்றாம் பல்லிலும் மற்றப் பக்க முளை இரண்டாம் பல்லிலும் விழும். முதுகுத் தட்டு கோணலாக நிற்கும், பிள்ளை ஒரு பக்கம் சரியும். அப்படியே ஒரு மாதம் பாவித்தால் சட்டமே முறுகிவிடும். நிமிர்த்திய பிறகு இரண்டு பக்கப் பற்களையும் கண்ணால் பாருங்கள். நல்ல படி வகையில் "டக்" என்ற சத்தம் இரு பக்கமும் ஒன்றாகக் கேட்கும். சிலதில் லீவரை அமுக்காமலே மேலே தள்ளினால் பல் தாண்டி ஏறும். ஒரு கைக்கு அதைவிடச் சுகம் வேறில்லை.

பக்கப் பொத்தான் வகையை நிமிர்த்தும்போது முதுகுத் தட்டை முழங்காலால் தாங்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு தடவையும் பிள்ளையை வெளியே எடுத்துத்தான் மாற்ற வேண்டி வரும்.

முழு ஆசனமும் சரியும் வகைதான் நிமிர்த்த மிக இலகு. ஆசனம் பாரத்தின் நடுவுக்குக் கிட்டச் சுழல்வதால் முதுகுப் பக்கம் ஏற, கால் பக்கம் இறங்கும். ஒரு பாரம் மற்றப் பாரத்தைத் தூக்கிவிடும்.

உங்கள் முறை முடிந்ததும் அம்மம்மாவிடம் கொடுங்கள். சொல்லிக் கொடுக்காமல் பேசாமல் நின்று பாருங்கள். அவர் கை எங்கே முதலில் போகிறது, எத்தனை தரம் முயல்கிறார் என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். இரண்டு வண்டிலையும் ஒப்பிட இதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது.

8. கிரவலில் தள்ளிப் பாருங்கள்

கடையின் மாபிள் தரையில் எந்தப் பூட்டும் நழுவாது. ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கினால் எங்கள் ஒழுங்கைகள் கிரவல்தானே. சோதனையும் அங்கேதான் நடக்க வேண்டும்.

முதுகைப் பாதிச் சாய்வில் நிறுத்துங்கள். நாடா வகை என்றால், பூட்டு நிற்கும் இடத்தில் நாடாவில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அரிசியோடு 15 நிமிடம் கிரவலில் தள்ளிவிட்டு வந்து கோட்டைப் பாருங்கள். கோடு பூட்டை விட்டு விலகியிருந்தால் நாடா வழுக்குகிறது. விரற்கடை அளவு என்றாலும் அந்த வண்டிலை விடுங்கள், அது நாளுக்கு நாள் கூடும்.

படி வகையில் முளை இடம் மாறாது. அதில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். முதுகுத் தட்டைப் பிடித்து முன்பின்னாக ஆட்டும்போது மூட்டில் கடகடவென்று சத்தம் வந்தால் ஆணி தேய்ந்திருக்கிறது.

9. சாய்த்த நிலையில் பார்க்க வேண்டிய மற்றவை

*பட்டி.* சாய்வை மாற்றினால் தோள்பட்டியின் இறுக்கமும் மாறும். ஒவ்வொரு முறையும் பட்டிக்கும் பிள்ளையின் தோளுக்கும் இடையில் விரல் விட்டுப் பார்த்துச் சரிசெய்யுங்கள். சாய்த்துவிட்டால் விழமாட்டான் என்று பட்டியைக் கழற்றுவது நான் அடிக்கடி காணும் பிழை. நித்திரையில் உருண்டு வழுகிப் போன பிள்ளை பட்டிக்குள் கழுத்து மாட்டி நிற்கலாம்.

*பின்பாரம்.* முழுக்கச் சாய்த்ததும் பாரம் பின்சில்லுக்குப் போகும். கைப்பிடியில் 2 கிலோ மரக்கறிப் பையைத் தொங்கவிட்டு, முன்சில்லு எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் சந்தைக்குப் போகும்போது பை அடியில் உள்ள கூடைக்குள்தான் போக வேண்டும். குளக்கட்டு ஏறுவது போன்ற ஏற்றங்களில் கவிழ்வது இன்னும் சுலபம்.

*நிழல்.* சாய்ந்த பிள்ளையின் முகம் கூரையைத் தாண்டி வெளியே வந்துவிடும் வண்டில்கள் இருக்கின்றன. பின்னேரம் 4 மணி வெயிலில் வைத்துப் பாருங்கள். நிழல் போதாது என்று மேலே சீலை, துவாய் போட்டு மூடுவதை மட்டும் செய்யாதீர்கள். காற்று நின்று உள்ளே வெக்கை ஏறிவிடும். முதுகுப் பக்கம் வலைத்துணி உள்ள வண்டில் எங்கள் கோடைக்கு நல்லது.

10. மடித்துப் பாருங்கள்

பல வண்டில்களில் முதுகை முழுக்க நிமிர்த்தினால்தான் மடிப்பு பூட்டும். சாய்ந்தபடியே பலவந்தமாக மடித்தால் படி வகையின் பற்கள் உடையும், நாடா மூட்டுக்குள் சிக்கி அறும். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் பஸ்ஸுக்கு மறித்து நிற்பவர்களுக்கு இது பெரிய விஷயம். பிள்ளையை இடுப்பில் வைத்தபடி, பஸ் வந்து நின்ற பிறகு, நிமிர்த்தி மடிக்க வேண்டும். அரிசி உறையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு தரம் செய்து பாருங்கள்.

11. எதை எடுப்பது

பிறந்த பிள்ளைக்கு என்றால் ஐந்தாம் படியில் 150 ஐத் தொடாதவற்றை முதலில் ஒதுக்குங்கள். மிஞ்சியதில் நாடா வகை வந்தால் பயப்பட வேண்டாம். பிள்ளை பாரமில்லாத மாதங்களில் அது நன்றாகவே உழைக்கும்.

6 மாதம் தாண்டிய பிள்ளைக்கு, தனியாகத் தள்ளிக்கொண்டு கிளினிக், சந்தை என்று திரியும் ஆளாக இருந்தால், நடுலீவர் உள்ள படி வகையைத்தான் நான் சொல்வேன். நாடா வகையைவிட விலையும் பாரமும் கூடத்தான். ஆனால் ஒரு கை எப்போதும் மிஞ்சும்.

பக்கப் பொத்தான் வகை வீட்டில் எப்போதும் இரண்டு பேர் இருக்கிறவர்களுக்கு ஓரளவு பரவாயில்லை. கம்பி வகையை நித்திரை கொள்ளும் வயதுப் பிள்ளைக்கு எடுக்காதீர்கள். மூன்று வயதுப் பிள்ளையை வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குச் சனத்துக்குள் கொண்டுபோய் வருவதற்குப் போதும்.

வாங்கிய பிறகு, நான்காம் படியில் சொன்ன பிரஷ் வேலையைக் கோடையில் கிழமைக்கு ஒரு தடவை செய்யுங்கள். மாரியில் சேறு பட்டால் அன்றைக்கே கழுவி, வெயிலில் போடாமல் நிழலில் காயவிடுங்கள். வெயில் நாடாவை உக்கவைக்கும்.